பையைத் தேடலாமா அண்ணே?

கேள்வி, 21 ஜூன் 2025

கெடாவில் பீடோங் பக்கம் இருக்கிறோம். மகன் மூன்றாம் படிவம். இரண்டு மாதமாக ஆளே மாறிவிட்டான். கண் சிவந்து வருகிறான், கேட்டால் எரிந்து விழுகிறான், குளியலறைக்குள் போனால் முக்கால் மணி நேரம். வீட்டுக்காரருக்குப் பினாங்கில் வேலை, வாரம் ஒரு தடவைதான் வருவார். அவன் பையைத் தேடலாமா அண்ணே? தேடினால் எதைத் தேடுவது? "அன்பாகப் பேசுங்கள்" என்று மட்டும் யாரும் எழுத வேண்டாம். பேசிப் பார்த்துவிட்டேன்.

22 ஜூன், ஞாயிறு

தேடுங்கள் தங்கச்சி. வெட்கப்பட ஒன்றுமில்லை. 19 வருடமாகப் பள்ளி வேன் ஓட்டுகிறேன். என் பெரியவனும் இந்த வழியில் போய்த் திரும்பியவன்தான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

பையை விடப் பென்சில் பெட்டியைப் பாருங்கள், சுருட்டி வைத்த காலுறைக்குள் பாருங்கள், மோட்டார் சீட்டுக்கு அடியில் பாருங்கள். விரல் நீளத்துக்கு வெட்டிய ஸ்ட்ரா, கருகிய அலுமினியத் தாள், சிகரெட் பிடிக்காத பையனிடம் இரண்டு மூன்று லைட்டர், சின்னச் சின்ன அமுக்குப் பிளாஸ்டிக் உறை, இதெல்லாம் ஷாபு (மெத்தம்பெட்டமைன்) பக்கம். செருப்புத் தைக்கும் கடையில் இருக்குமே மஞ்சள் கம், அந்த டின்னோ, உள்ளே பிசுபிசுவென்று ஒட்டிய பிளாஸ்டிக் பையோ கிடந்தால், சட்டையில் பெயிண்ட் வாசமும் வாயைச் சுற்றிப் புண்ணும் இருந்தால், அது கம் மோப்பம். வீட்டில் யாருக்கும் இருமல் இல்லாமல் இருமல் மருந்து பாட்டில் காலியாகக் கிடந்தாலும் விடாதீர்கள்.

ஆளைப் பார்த்தும் சொல்லலாம். ஷாபு அடிப்பவன் இரண்டு நாள் தூங்க மாட்டான், அப்புறம் ஒன்றரை நாள் எழுந்திருக்க மாட்டான். பல்லைக் கடிப்பான். மெலிந்து காற்சட்டை இடுப்பில் நிற்காது. கஞ்சா என்றால் கண் சிவப்பு, காரணமில்லாத சிரிப்பு, நடுராத்திரியில் மெகி கிண்டித் தின்பது.

தேடிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

23 ஜூன்

நேற்று பெரிய நிபுணர் மாதிரி எழுதிவிட்டேன். படுத்த பிறகுதான் உறைத்தது. என் மகன் பையை நான் தேடியபோது ஒன்றுமே கிடைக்கவில்லை. சாமான் என் வீட்டு ஐஸ்பெட்டியில் இருந்தது.

2018. அவனுக்கு 16 வயது. ஒன்றரை லிட்டர் மினரல் பாட்டில், கீழ்த்தட்டில் கீரைக்குப் பின்னால். உள்ளே கலங்கலாக, பழுப்பும் பச்சையும் சேர்ந்த தண்ணீர். மனைவி கேட்டதற்கு "காற்பந்து விளையாடுறவங்க குடிக்கிற மூலிகைத் தண்ணிம்மா" என்றிருக்கிறான். அவளும் நம்பி, மூட்டு வலிக்கு நல்லதாயிருக்கும் என்று என் அம்மாவுக்கு அரை கிளாஸ் ஊற்றிக் கொடுத்துவிட்டாள். கசக்கிறதே என்று சீனி போட்டுக் குடித்தவர், அன்று மத்தியானம் வீட்டுத் திரைச்சீலை அத்தனையையும் இறக்கித் துவைத்துக் கொடியில் போட்டுவிட்டு, "அடுத்தது என்ன?" என்று நிற்கிறார். 74 வயது. வேலை முடிந்து வந்தவன் பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்தேன். கெத்தும். போதை தரும் இலையை அவித்த தண்ணீர்.

தோட்டத்தில் வளர்ந்தவன் நான், அந்த வாசம் எனக்குத் தெரியும். ஆனால் நான்கைந்து மாதமாக அதே ஐஸ்பெட்டியில்தான் தண்ணீர் எடுத்துக் குடித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பாட்டிலைக் கையால் தள்ளி வைத்துவிட்டு.

24 ஜூன்

கூலிம் தம்பி கேட்கிறார்: "கெத்தும் டாடா (போதைப்பொருள்) இல்லையே அண்ணே, எங்க தாத்தா அதைக் குடிச்சிட்டுத்தான் கடைசிவரை பால் மரம் வெட்டினார்."

பாதி சரி. வயலில் இறங்கியவர்களும் மரம் வெட்டியவர்களும் வெயில் தாங்க அந்த இலையை மென்றதும் அவித்துக் குடித்ததும் இந்த வடக்கில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். குறைவாகக் குடித்தால் சுறுசுறுப்பு, என் அம்மாவே சாட்சி. கூடிப்போனால் அபின் மாதிரி ஆளைச் சாய்க்கும். சட்டத்தில் அது நச்சுப் பொருள்களோடு சேர்ந்து வருகிறது. 1952 நச்சுப் பொருள் சட்டம், 10,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம், 4 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

ஆனால் தாத்தா குடித்தது வெறும் இலைத் தண்ணீர். பையன்கள் குடிப்பதில் இருமல் மருந்து போகிறது, கோலா போகிறது, ஐஸ் போகிறது, அதற்குமேல் என்ன போகிறது என்பது காய்ச்சியவனைத்தான் கேட்க வேண்டும். இன்னொன்று, தாத்தாவுக்கு விடியற்காலையில் பெரட்டு, தோட்டத்தில் ஆள் எண்ணும் வரிசை, இருந்தது. எழுந்து போய் வரிசையில் நின்றே ஆக வேண்டும். இவனுக்கு என்ன இருக்கிறது?

டாடாவா இல்லையா என்பது நிறுத்தும்போது தெரியும் தம்பி. மூன்றாம் ராத்திரி என் மகன், முழங்காலுக்குள் யாரோ குடைகிற மாதிரி இருக்கிறது என்று அழுதான். மூக்கு ஒழுகுகிறது, கொட்டாவிமேல் கொட்டாவி, தூக்கம் மட்டும் வரவில்லை. கோடாலித் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். அவனுக்கு ஆறேழு வயது இருக்கும்போது தொட்ட கால். மயிர் முளைத்த பிறகு அன்றுதான் தொடுகிறேன்.

26 ஜூன்

இன்று உலகப் போதைப்பொருள் எதிர்ப்பு நாள். பள்ளி வாசலில் பதாகை தொங்குகிறது, மண்டையோடும் ஊசியும் போட்டு. 1983 பிப்ரவரி 19இல் போதைப்பொருளை நாட்டின் பாதுகாப்புக்கே மிரட்டல் என்று அரசாங்கம் அறிவித்தபோது நான் தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு. எங்கள் வகுப்புச் சுவரிலும் இதே மண்டையோடு, இதே ஊசி. வேனில் ஒரு பையன் பார்த்துவிட்டு, "அங்கிள், ஊசியெல்லாம் இப்ப யாரு போடுறா?" என்றான். சிரிப்பும் வந்தது, வயிறும் கலங்கியது. "இப்ப" என்ன போடுகிறார்கள் என்று இவனுக்குத் தெரிந்திருக்கிறதே.

வேனில் பின்சீட்டிலிருந்து மாம்பழ வாசம் வரும். ரொம்ப நாள் மிட்டாய் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். வேப், அதாவது மின்சிகரெட். சுகாதார அமைச்சு 2022இல் 13 முதல் 17 வயதுப் பிள்ளைகளிடம் எடுத்த ஆய்வில் வேப் பிடிப்பவர்கள் 14.9 விழுக்காடு, 2017இல் அது 9.8. ஏழு பிள்ளைக்கு ஒரு பிள்ளை. என் வேனில் 14 பேர். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

2024 அக்டோபர் 1 முதல் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு விற்பதே குற்றம். பிள்ளைக்குக் கடைக்காரன் கொடுக்க மாட்டான், கூட்டாளியின் அண்ணன் கொடுப்பான். அவன் நிரப்பித் தருகிற திரவத்தில் நிகோட்டின் மட்டும்தான் இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? செயற்கைக் கஞ்சா கலந்த வேப் திரவத்தைப் போலீஸ் எத்தனையோ தடவை பிடித்திருக்கிறது. குளியலறையில் முக்கால் மணி நேரம் என்றால் எனக்கு முதலில் இதுதான் தோன்றுகிறது தங்கச்சி.

27 ஜூன்

அவசரத் திருத்தம். என் பட்டியலைப் படித்துவிட்டு பட்டர்வொர்த் அக்கா ஒருவர் மகன் பையில் அலுமினியத் தாளைப் பார்த்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாராம். கோழிக்கறி சுற்றிய தாள் அக்கா. மோந்து பார்த்தாலே தெரிந்திருக்குமே. கீழ்ப்பக்கம் புகை பிடித்துக் கருத்து, மேலே பொருள் உருகி ஓடிய தடம் கோடாகத் தெரிந்தால்தான் கவலை. சம்பல் ஒட்டியிருந்தால் கழுவ வேண்டிய கவலை மட்டும்.

கேள்வி கேட்ட தங்கச்சி தேடிவிட்டார். ஒரு வேப்பும் 40 வெள்ளியும். கைச்செலவுக்கு இவர் கொடுப்பது ஒரு நாளைக்கு 4 வெள்ளி. வேப்பைப் பற்றியே எழுதியிருக்கிறார். எனக்கு அந்த 40 வெள்ளிதான் கண்ணில் நிற்கிறது.

29 ஜூன்

மருந்தகத்தில் விற்கும் சிறுநீர்ச் சோதனைக் கிட் வாங்கலாமா என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள்.

நான் வாங்கினேன். 23ஆம் தேதி எழுதியதில் இதை விட்டுவிட்டேன், வெட்கத்தில். பாட்டில் கிடைப்பதற்கு மூன்று வாரம் முன்னால், கதவைத் திறந்து வைத்துப் பக்கத்தில் நின்று எடுக்க வைத்தேன். கோடு எல்லாம் சுத்தம். ஒன்றுமில்லை. அவனிடம் மன்னிப்புக் கேட்டு, சுங்கைப்பட்டாணிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கோழிச்சோறு வாங்கிக் கொடுத்தேன். ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டான். கோபமாக இருக்கிறான் என்று நினைத்தேன். இப்போது நினைத்தால், அந்தத் தொடைக்கறி அவன் தொண்டையில் எப்படி இறங்கியதோ.

விஷயம் என்னவென்றால், சாதாரணக் கிட்டில் கெத்தும் தெரியாது. கம்மும் தெரியாது. எதற்கான பட்டை ஒட்டியிருக்கிறதோ அது மட்டும்தான் தெரியும். ஷாபு இரண்டு முதல் நான்கு நாள் வரை காட்டும், அப்புறம் போய்விடும். கஞ்சா வழக்கமாக அடிப்பவனுக்கு வாரக் கணக்கில் நிற்கும். சளி மருந்து சிலதும் பொய்யாக ஷாபு பக்கம் கோடு காட்டிவிடும். அதனால் கிட்டில் கோடு வந்தால் கிளினிக்கில் உறுதி செய்யாமல் கையை ஓங்காதீர்கள், வராவிட்டால் கோழிச்சோறும் வாங்கிக் கொடுக்காதீர்கள்.

5 ஜூலை, சனி

இந்த ஒரு வாரமாக யோசித்தது இது. நான் முதல் நாள் எழுதிய பட்டியல் பொய்யில்லை, ஆனால் பின்னாலிருந்து எழுதியது. ஸ்ட்ராவும் தாளும் கிடைக்கும்போது கதை பாதி முடிந்திருக்கும்.

நாங்கள் தோட்டத்து லயத்தில் இருந்த காலத்தில் ஒரு பையன் பீடி பிடித்தால், அவன் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் செய்தி வந்துவிடும். குழாயடியில் ஒரு கிழவி, ஆயாக் கொட்டகையில் ஒரு கிழவி, கோயில் திண்ணையில் இரண்டு கிழவர்கள். அப்பா அடித்தாரா இல்லையா என்பது வேறு விஷயம். யாரோ ஒருவர் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தோம். கித்தா (ரப்பர்) போய்ச் செம்பனை வந்தது, செம்பனையும் போய்த் தாமான் (வீடமைப்புப் பகுதி) வந்தது. எங்கள் தோட்டத்து ஆட்கள் நாலு பக்கம் சிதறிப் போனோம். பிளாட்டில் பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரியாது. அம்மாவும் அப்பாவும் தொழிற்சாலையில் 12 மணி நேர ஷிஃப்ட்.

பள்ளி விடுவது இரண்டு மணிக்கு. ஷிஃப்ட் முடிந்து நீங்கள் வந்து சேர ஏழரை. நடுவில் ஐந்தரை மணி நேரம். என் மகன் கெத்தும் பழகியது அந்த நேரத்தில்தான், ஒரு மோட்டார் பட்டறைக்குப் பின்னால், பழைய சோபாவில் உட்கார்ந்து. பட்டறைக்காரனைக்கூட நான் கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். பையன்களுக்கு உட்கார ஓர் இடம் கொடுத்தான், நாங்கள் கொடுக்கவில்லை. அந்த நேரத்தில் நான் எங்கே இருந்தேன் தெரியுமா? ஊர்ப் பிள்ளைகளை எல்லாம் பத்திரமாக வீட்டு வாசலில் இறக்கிக்கொண்டிருந்தேன்.

எந்தப் பிள்ளை சொந்த வீட்டுக்கு இரண்டு முக்கு முன்னாலேயே "இங்கே போதும் அங்கிள்" என்று இறங்குகிறான், யார் புதுச் செருப்பு போட்டிருக்கிறான், யார் ஒரு மாதமாக யாரோடும் பேசாமல் கண்ணாடியில் தலை சாய்த்து வருகிறான், எல்லாம் எனக்குத் தெரியும். 19 வருடத்தில் "என் பையன் எப்படி இருக்கான்?" என்று போன் செய்து கேட்ட பெற்றோர் இரண்டு பேர். அதில் ஒருவர் வேன் பணம் பாக்கி வைத்திருந்தார், தவணை கேட்கத்தான் பேச்சை ஆரம்பித்தார்.

அதனால் தங்கச்சி, பை இருக்கட்டும். இரண்டிலிருந்து ஏழரை வரை அவன் எங்கே? அந்த 40 வெள்ளி எங்கிருந்து வந்தது?

6 ஜூலை

"அதுக்குத்தான் டியூஷனுக்கு அனுப்புறோம்" என்கிறார் ஒருவர். டியூஷன் நாலிலிருந்து ஐந்தரை. போய்ச் சேர்ந்தானா என்று எப்போதாவது கேட்டீர்களா? சரி, நான் கேட்டதில்லை.

18 ஜூலை

கிடைத்துவிட்டது, இனி என்ன செய்வது என்று தனியாக ஒருவர் எழுதியிருக்கிறார். எங்கே, யார் என்று சொல்ல மாட்டேன். என் அனுபவத்தைச் சொல்கிறேன், செய்யக் கூடாததிலிருந்து.

நான் பெல்ட்டை எடுத்தேன். பாட்டில் கிடைத்த அன்றே. என் அம்மா குறுக்கே விழுந்து தடுத்தார். இரண்டு நாள் அவன் வீட்டுக்கு வரவில்லை. அந்த இரண்டு நாளும் அவன் தூங்கியது பட்டறைச் சோபாவில். எந்த இடத்திலிருந்து இழுக்க நினைத்தேனோ அங்கேயே தள்ளிவிட்டேன். மூன்றாம் நாள் மனைவி போய், திட்டாமல், "சோறு ஆக்கி வச்சிருக்கேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள். அரை மணி நேரத்தில் பின்னாலேயே வந்தான். தைலம் தேய்த்த ராத்திரியெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஆள் போதையில் இருக்கும்போது விசாரணை வைக்காதீர்கள். ஷாபு அடித்தவனுக்குச் சந்தேகம் தலைக்கேறியிருக்கும், மூலையில் நிறுத்தி நெருக்கினால் எதிரி என்றே நினைப்பான். கம் மோந்துகொண்டிருப்பவனைக் கத்தி விரட்டவே கூடாது. பயந்து ஓடினால் இதயத் துடிப்பு தாறுமாறாகி அங்கேயே விழுந்து உயிர் போகலாம். முதல் தடவை மோந்தவனுக்கும் இது நடக்கும். மெதுவாகக் காற்றோட்டமான இடத்துக்குக் கொண்டுவந்து உட்கார வையுங்கள். கோபத்தை மறுநாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள், அது எங்கேயும் போகாது.

போலீஸுக்குப் பயந்து மூடி மறைப்பதுதான் நம் ஆட்களிடம் இருக்கும் பெரிய கோளாறு. பிடிபட்டுப் போவது வேறு, நாமே கூட்டிக்கொண்டு போவது வேறு. போதைக்கு அடிமையானவர் சிகிச்சைக்குத் தானாக விண்ணப்பிக்கவும், வயது குறைந்த பிள்ளைக்காகப் பெற்றோர் விண்ணப்பிக்கவும் 1983ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. நான் அவனை ஏ.ஏ.டி.கே. (தேசியப் போதைப்பொருள் எதிர்ப்பு நிறுவனம்) மாவட்ட அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வாசலில் வேனை நிறுத்தப் பயந்து இரண்டு சந்து தள்ளி நிறுத்தினேன், வேனில் என் பெயர் எழுதியிருக்கிறதே. உள்ளே பெஞ்சில் எங்களுக்கு முன்னால் ஒரு மலாய்த் தம்பதி, ஒரு சீனக் கிழவர், பேரனோடு. யாரும் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அதிகாரி மலாய்க்காரப் பெண், என் மகளாக இருக்கும் வயது. என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவனிடம் தனியாக முக்கால் மணி நேரம் பேசினார். என்ன பேசினார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு வாரம் ஒரு தடவை கூட்டிக்கொண்டு போனேன். போகும் வழியெல்லாம் இரண்டு பேரும் பேச மாட்டோம். ஐந்தாவது வாரமோ ஆறாவது வாரமோ, ரேடியோவைக் கொஞ்சம் சத்தமாக வையுங்கள் என்றான்.

உடனே யாரிடமாவது பேச வேண்டுமென்றால் அரசாங்க உதவி எண் தாலியான் காசே 15999, எந்த நேரமும் எடுப்பார்கள்.

20 ஜூலை

"நம்ம ஆளுங்களுக்கு இது பரம்பரை அண்ணே, கள்ளு குடிச்ச ரத்தம்" என்று எழுதிய தம்பிக்கு. கொஞ்சம் பொறு.

1941இல் கிள்ளான் பக்கம் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது வைத்த கோரிக்கைகளில் கள்ளுக்கடையை மூடு என்பதும் ஒன்று. 1947இல் தோட்டத் தொழிலாளர்களைத் திரட்டிய ஏ.எம். சாமியின் தொண்டர் படை இதே கெடா தோட்டங்களில் கள்ளுக்கடை வாசலில் மறியல் செய்தது. பீடோங்கிலும் ஹார்வர்ட் தோட்டத்திலும் போலீஸ் வந்து அடிதடி, கைது, சிறை. கடையைத் திறந்து வைத்தது யார், மூடச் சொல்லி அடி வாங்கியது யார் என்று பார். மறியல் செய்தவர்களில் நிறையப் பேர் வாலிபர்கள், அப்பன்மார் குடியைப் பார்த்து வளர்ந்தவர்கள். பரம்பரை என்றால் அதுவும் பரம்பரைதான்.

என் தாத்தாவும் அந்த மறியலில் இருந்தார். கடைக்கு உள்ளே.

சிரிக்க எழுதினேன், ஆனால் எனக்கே குத்துகிறது. என் மகனுக்கு 12, 13 வயதில் வியாழக்கிழமை சாயந்தரம் ஒட்டுக்கடைக்கு அனுப்பி பீர் வாங்கி வரச் சொல்வேன். மறுநாள் வெள்ளி, கெடாவில் விடுமுறை. மிச்சக் காசு அவனுக்கு. 2017 டிசம்பரிலிருந்து மது வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும், அப்போது 18. எந்தக் கணக்கிலும் அவன் சின்னப் பையன். கெத்தும் பாட்டிலை அவன் முகத்துக்கு நேரே ஆட்டி "இது என்னடா?" என்று கேட்டபோது, அவன் ஐஸ்பெட்டியின் மேல்தட்டைப் பார்த்தான். பேசவில்லை, பார்த்தான். என் இரண்டு டின் அங்கே இருந்தது.

குடியை விட்டுவிட்டீர்களா என்று கேட்பீர்கள். வீட்டில் விட்டேன். கல்யாண வீட்டில் விடவில்லை.

9 ஆகஸ்ட், சனி

தங்கச்சி திரும்பி வந்து எழுதியிருக்கிறார். ஒரு நாள் அரைநாள் விடுப்புப் போட்டு, இரண்டு மணிக்குப் பள்ளி வாசலில் நிற்காமல், வேன் இறக்கும் இடத்திலிருந்து பின்னாலேயே போயிருக்கிறார். மகன் போனது கார் கழுவும் கடைக்கு. ஒரு காருக்கு 3 வெள்ளி. அந்தக் காசில் வேப், மிச்சம் கைப்பேசி விளையாட்டுக்கு, ராத்திரி இரண்டு மணி வரை. கண் சிவந்ததற்கு அதுவே பெரிய காரணமாம். "நான் பயந்ததெல்லாம் இல்லை அண்ணே" என்று சந்தோஷமாக எழுதியிருக்கிறார்.

எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் நான் பட்டறைச் சோபாவைப் பார்த்தவன். கடைக்குப் பின்னால் என்ன இருக்கிறது, கூட வேலை செய்யும் பெரிய பையன்கள் யார் என்று கேட்டு எழுதினேன். இனி சனிக்கிழமை மட்டும் வேலை, காசை அம்மாவிடம் காட்ட வேண்டும், கடைக்காரர் எண்ணும் வாங்கி வைத்திருக்கிறார், பள்ளிக் கவுன்சலிங் ஆசிரியரையும் பார்த்தாயிற்று என்கிறார். வேப்பை இன்னும் விடவில்லையாம். அதை ஒளிக்காமல் சொல்கிறானாம்.

என் மகனுக்கு இப்போது 23, பினாங்கில் வேலை. வீட்டுக்கு வரும்போதெல்லாம் அவன் தூங்கிய பிறகு ஐஸ்பெட்டியைத் திறந்து கீழ்த்தட்டைப் பார்க்கிறேன். போன தடவை பின்னாலேயே வந்து நின்று, "கீரைதான்ப்பா இருக்கு" என்றான்.

நேற்று முன்தினம், வியாழன், என் வேனில் ஓர் இரண்டாம் படிவப் பையன் தாமானுக்கு முன்னாலேயே பாலத்தடியில் இறங்கினான். இந்த மாதம் மூன்றாவது தடவை. அவன் அம்மாவுக்குப் போன் போட்டேன். "நீங்க வண்டிய மட்டும் ஓட்டுங்க அண்ணே" என்று வைத்துவிட்டார். பத்து நிமிடம் கழித்து அவரே கூப்பிட்டு, எந்தப் பாலம் என்று கேட்டார்.

நாளை பள்ளி. 6.20க்கு அவர்கள் வீட்டு வாசலில் ஹார்ன் அடிக்க வேண்டும். வருகிறானா பார்க்கலாம்.